முழு வேகத்தில் இழுவை விடும் அவுட்போர்டு மோட்டார்: அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது எப்படி

கரையிலிருந்து கிளம்பும்போது, படகின் பின்பலகையில் மாட்டிய மோட்டாரில் ஒரு குறையும் தெரியாது. ஓரிரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் சீராக ஓடும், பாதி முறுக்கு வரை சொன்னபடி கேட்கும். முழுக்க முறுக்கிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை விட்டுவிடும். முறுக்கைத் தணித்தால் தானாகத் தெளியும். மறுபடி முறுக்கினால் மறுபடி அதே கதை.

இந்தக் குறையோடு பட்டறைக்கு வரும் மோட்டாரில் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர். அதைக் கழுவி மாட்டி, பிளக் இரண்டையும் புதிதாகப் போட்டு, பில்லும் கட்டியாயிற்று. கடலில் இறக்கினால் பழையபடியே ஓடும். காரணம் எளிது. முழு வேகத்தில் மட்டும் வரும் பிழை பல நேரம் மோட்டாருக்குள் இருக்காது. டேங்கிலிருந்து வரும் ஹோஸில் இருக்கும், இல்லையென்றால் தண்ணீருக்குள் சுற்றும் புரொப்பெல்லரில் இருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், கடலிலேயே, பிழை எந்தப் பக்கம் என்று பிரித்துவிட வேண்டும். அதற்கு வேண்டியது காது, ஒரு கை, கூட ஒரு ஆள். அவ்வளவுதான்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் வடக்குக் கரையிலும் ஃபைபர் படகுகளில் அதிகம் காண்கிற மோட்டாரை மனதில் வைத்து: 25 முதல் 40 எச்.பி. வரை, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்தது, கைப்பிடியை முறுக்கி ஓட்டுவது. ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

ஏன் முழு வேகத்தில் மட்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐடிலில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் குடிக்கிற 40 எச்.பி. மோட்டார், முழு முறுக்கில் 15 லிட்டருக்கு மேல் கேட்கும். 5000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 80 தடவைக்கு மேல் வெடிக்கிறது. பாதி அடைத்த ஃபில்டரும், கிழியத் தொடங்கிய டயாஃப்ரமும் (ஃப்யூல் பம்பின் மெல்லிய சவ்வு), சோர்ந்த காயிலும் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுற்று) ஐடிலுக்குத் தாராளமாகப் போதும். கேட்கிற அளவு கூடும்போதுதான் அவை காட்டிக்கொடுக்கும். அதனால் கரையில் வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிழை சுமையில்தான் தெரியும். சுமை கடலில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிவிட்டுப் படிக்க வேண்டாம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகிற ஒரே மசகு அந்தக் கலவைதான். எரிபொருள் பற்றாக்குறை என்றால் ஆயிலும் பற்றாக்குறை. இழுவை விடுகிற மோட்டாரை "எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று முழு முறுக்கிலேயே வைத்து ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். சோதனைக்கு முழு முறுக்கு வைப்பதும் சில நொடிகள்தான்; அறிகுறி தெரிந்ததும் தணித்துவிடுங்கள்.

முதல் கேள்வி: சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஆழமுள்ள, மற்ற படகுகள் இல்லாத இடத்தில் ஓடுங்கள். ஒருவர் கைப்பிடியில், மோட்டாரை உடனே அணைக்கும் கில் ஸ்விட்ச்சின் கயிறு மணிக்கட்டில். இன்னொருவர் டேங்க் பக்கம். மோட்டார் மூடியைக் கழற்றிவைத்து ஓட்டினால் ஃபிளைவீல் திறந்தபடி சுற்றும். லுங்கி முனையும் தளர்ந்த சட்டைக் கையும் அதன் பக்கம் போகக் கூடாது.

இழுவை விடும் நொடியில் சத்தத்தைக் கவனியுங்கள்.

படகு தளர்கிறது, ஆனால் மோட்டார் சத்தம் வீறிட்டு ஏறுகிறது என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. அது கொடுக்கிற பலம் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. நேராகப் புரொப்பெல்லர் பகுதிக்குப் போங்கள்.

சத்தமும் வேகமும் சேர்ந்து இறங்கினால் எரிபொருள், தீப்பொறி, சூடு ஆகிய மூன்றில் ஒன்று. இறங்குகிற விதமே எது என்று ஓரளவு சொல்லிவிடும். எரிபொருள் குறைந்தால் மோட்டார் மூச்சு வாங்கி மெல்ல இறங்கும். தணித்துக் கொஞ்ச நேரம் விட்டால் தேறி, மறுபடி அதே அளவு நேரம் ஓடும். தீப்பொறி போனால் வெட்டிவிட்டதுபோல் சட்டென்று விழும், சட்டென்று திரும்பி வரும், நடுவில் படபடவென்று மிஸ்ஸிங் கேட்கும். சூடு என்றால் முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியாது, போகப்போக இறுகும், நிறுத்தி ஆறவைத்தால்தான் சரியாகும்.

இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தைத் தொடவில்லை என்றால் அது வேறு விஷயம். கேபிளும் சுமையும் அங்கே வரும்.

சத்தம் மெல்ல இறங்குகிறது: பல்பில் கை வையுங்கள்

ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பு, ஸ்டார்ட் செய்யுமுன் அமுக்குவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிழை தேடும்போது அதைவிட நல்ல கருவி படகில் கிடையாது. மோட்டார் தளரத் தொடங்கும்போது கூட இருப்பவர் பல்பைப் பிடித்துப் பார்க்கட்டும்.

பல்பு உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில். மோட்டார் இழுக்கிறது, டேங்க் கொடுக்கவில்லை. முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் விடை கிடைத்தாயிற்று. காற்றுத் துளை மூடியிருக்கிறது, இல்லை உப்பும் துருவும் அடைத்திருக்கிறது. திருகு திறந்தபடிதான் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். அதை நம்பாமல் மூடியையே தளர்த்திவைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

காற்றுத் துளை சரி என்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். அதன் அடியில் சின்ன வலை இருக்கும். இங்கே ஒரு விசித்திரமான பிழை உண்டு, ஆளைப் பைத்தியமாக்கிவிடும். டேங்குக்குள் ஒரு துண்டு பாலித்தீன் கிடக்கும். ஆயில் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தபோது விழுந்த மூலைதான். மெதுவாக ஓடும்போது அது சும்மா மிதக்கும். முழு முறுக்கில் உறிஞ்சல் கூடும்போது வலையில் வந்து ஒட்டும். மோட்டார் அணைந்ததும் உறிஞ்சல் நின்று, துண்டு நழுவி விழுந்துவிடும். குழாயை எத்தனை தடவை கழற்றினாலும் சுத்தமாகத்தான் இருக்கும். டேங்கை முழுக்கக் காலி செய்து, வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தால்தான் அகப்படும்.

அதுவும் இல்லையென்றால் ஹோஸ். பழைய ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள். வெளிப்பக்கம் கறுப்பாக, ஒரு வெடிப்புகூட இல்லாமல் இருக்கும். உள்ளே மெல்லிய உட்பூச்சு ஒரு பக்கம் பிரிந்து எழும்பி நிற்கும். விரலால் தொட்டால் மடல் மாதிரி ஆடும். மெதுவாகப் போகும் பெட்ரோல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வேகமாக இழுக்கும்போது மடல் மடங்கி வழியை அடைக்கும். இந்தியாவில் 2023-இல் வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை அது ஊறவைத்து இளக்கும். பழைய ஹோஸை வைத்துக்கொண்டு இந்த பெட்ரோலில் ஓட்டுபவர்கள் ஹோஸை முதலில் சந்தேகப்பட வேண்டும். மாற்றும்போது உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், படகு எரிபொருளுக்கென்று விற்கிற ஹோஸாகவே வாங்குங்கள். தோட்டத்துக் குழாயும் கேஸ் டியூபும் இதற்கு ஆகாது.

பல்பு தட்டையாகவில்லை, சற்றுத் தளர்வாக இருக்கிறது. விடாமல் அமுக்கினால் மோட்டார் தெளிந்து இழுவை வருகிறது. இது இரண்டாவது வகை. பம்பு செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்கிறது. ஒன்று, மோட்டாரில் உள்ள ஃப்யூல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது அல்லது விறைத்துவிட்டது. இல்லையென்றால் வழியில் எங்கோ காற்று பிடிக்கிறது. காற்று பிடிக்கும் இடத்தில் பெட்ரோல் கசியாது என்பதை மறக்க வேண்டாம். உறிஞ்சும் பக்கத்தில் காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே வராது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பல்பை இறுக அமுக்கி வைத்தால், அதற்குப் பிறகுள்ள இணைப்பில் ஈரம் தெரியும். ஹோஸ் முனையில் உள்ள கிளிப் கனெக்டர், அதனுள்ளே இருக்கும் ஓ-ரிங், இவைதான் அதிகம் மோசம் செய்கிறவை. பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. புதுப் பல்பைத் திருப்பி மாட்டியவர்கள் உண்டு.

டயாஃப்ரம் விலை அதிகமில்லை. பம்பைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை தெரியும். கிரேங்க்கேஸ் அழுத்தத்தில்தான் அது துடிக்கிறது. துளை விழுந்தால் அந்த வழியாகவே பெட்ரோல் உள்ளே போய் ஒரு சிலிண்டரை மட்டும் நனைக்கும். ஒரு பிளக் எப்போதும் நனைந்தே வருகிறது என்றால் இதையும் பாருங்கள்.

பல்பு கெட்டியாக நிற்கிறது, அமுக்கினாலும் மாற்றமில்லை என்றால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும்.

இவ்வளவையும் ஒரே அடியில் முடிக்க ஒரு வழி உண்டு. நன்றாக ஓடுகிற பக்கத்துப் படகின் டேங்கையும் ஹோஸையும் பல்பையும் அப்படியே இரவல் வாங்கி, உங்கள் மோட்டாரில் மாட்டி ஓட்டுங்கள். கனெக்டர் ஒத்துப்போனால் போதும். பிழை போய்விட்டால் மோட்டாரில் ஒன்றுமில்லை. பிழை அப்படியே இருந்தால் டேங்க், ஹோஸ், பல்பு, பெட்ரோல் நான்கும் நிரபராதி. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஏனோ யாரும் செய்வதில்லை.

தண்ணீர் கலந்த பெட்ரோல்

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கடம். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்விடும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். நீங்கள் கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கலவை மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அதைப் படகில் ஊற்ற வேண்டாம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று மாட்டிவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

சோக் இழுத்தால் தெளிகிறது: மெயின் ஜெட்

எரிபொருள் மோட்டார் வரை வருகிறது, ஆனாலும் முழு முறுக்கில் தளர்கிறது. தளரும் நேரத்தில் சோக்கை ஒரு நொடி பாதி இழுத்து விடுங்கள். சத்தம் ஏறினால் கலவையில் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமாகித் திணறினால் பெட்ரோல் போதுமான அளவு போகிறது, வேறிடத்தில் தேடுங்கள்.

கார்புரேட்டரில் ஐடிலுக்குத் தனி வழி, வேகத்துக்குத் தனி வழி. அதனால்தான் வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான மெயின் ஜெட் அடைத்த மோட்டார் ஐடிலில் பிரமாதமாக ஓடும். மிதவை அறையின் அடித் திருகைக் கழற்றி வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். துரு, பச்சை நிறப் பொடி, தண்ணீர்க் குமிழ், எது தெரிந்தாலும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை அரை மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்து, துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் இரண்டின் ஜெட் எண்ணும் புத்தகத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைமாறி வந்த மோட்டாரில் யார் எதை மாட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகையாக வெளியே துப்பினால் அது ஜெட் இல்லை. உள்ளே, கலவையைத் திரும்ப வெளியே விடாமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறது அல்லது படியாமல் நிற்கிறது. உடைந்த துண்டு எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மோட்டாரைத் திரும்ப ஓட்டக் கூடாது.

சட்டென்று வெட்டுகிறது, மிஸ்ஸிங் கேட்கிறது: தீப்பொறி

முழு முறுக்கில் ஓடும்போது ஒரு சிலிண்டர் செத்தால் பலம் பாதிக்குக் கீழே போகும். எது செத்தது என்று பிளக் சொல்லும். முழு முறுக்கில் சில நொடி ஓட்டி, தணிக்காமல் அப்படியே கில் ஸ்விட்சால் நிறுத்துங்கள். பின்னால் துரத்தி வரும் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வரும், அதனால் அமைதியான தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிஸ்கட் நிறம் என்றால் நலம். ஒன்று மட்டும் நனைந்து பளபளத்தால் அங்கே தீப்பொறி விழவில்லை. வெள்ளையாகச் சுட்டுப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள்.

பிளக்கை இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். பிழை பிளக்கோடு இடம் மாறினால் பிளக்தான். எண்ணையும் பாருங்கள், என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ச்சியான பிளக். பி7எச்எஸ் போட வேண்டிய இடத்தில் "கடையில் இதுதான் இருந்தது" என்று வேறு எண் போட்டால் ஒன்று கரி பிடிக்கும், இல்லை சூடேறி முன்கூட்டியே பற்றும்.

பிளக் சரியென்றால் ஸ்பார்க் டெஸ்டர். சிடிஐ (தீப்பொறியை மூட்டும் எலக்ட்ரானிக் பெட்டி) வைத்த மோட்டாரில் பொறி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட வேண்டும், நீலமாக, சடசடவென்று. மஞ்சளாக, இழுத்துக்கொண்டு தாண்டினால் பலமில்லை. பெட்ரோல் ஹோஸும் திறந்த டேங்கும் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

சில மோட்டார்களில் ஃபிளைவீலுக்கு அடியில் சிடிஐக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று இரண்டாக இருக்கும்: குறைந்த வேகத்துக்கு ஒன்று, கூடுதல் வேகத்துக்கு ஒன்று. இரண்டாவது சோர்ந்தால் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை பழுதில்லாமல் ஓடி, அதற்கு மேல் போனதும் வெட்டும். சூடானால் மட்டும் சோரும் காயிலும் உண்டு. ஆறிய மோட்டாரில் மல்டிமீட்டர் வைத்தால் அளவு சரியாகவே காட்டும். ஓடி வந்த சூட்டோடு அளந்து பாருங்கள்.

காயிலுக்குப் பணம் கொடுக்கும் முன் கில் ஸ்விட்ச் வயரைப் பாருங்கள். தோல் உரிந்து, அதிர்வில் மட்டும் பாடியில் உரசும் வயர், முழு வேகத்தில் மோட்டாரை விட்டுவிட்டு அணைக்கும். மோட்டாரை ஐடிலில் விட்டு, வயர் போகும் வழியை ஒரு மரக்குச்சியால் அசைத்தால் வெட்டுவது கேட்கும். உப்புக்காற்றில் எர்த் இணைப்புகள் பச்சை பிடிக்கும். அவற்றைக் கழற்றித் தேய்த்து மாட்டுவதற்குச் செலவே இல்லை.

போகப்போக இறுகுகிறது: சூடு

தண்ணீர் பீச்சும் துளையிலிருந்து நீர் நன்றாக வருகிறதா? வரவில்லையென்றால் முதலில் ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்துங்கள். உப்பும் மணலும் அடைத்திருக்கும். அப்புறமும் வரவில்லையென்றால் கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடை, அதன் பிறகு பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்). அலையைத் தாண்டி மணற்கரையில் ஏற்றி இறக்கும் படகுகளில் மோட்டார் தண்ணீரோடு மணலையும் குடிக்கிறது. இம்பெல்லர் இதழும் அது சுற்றும் கிண்ணமும் சீக்கிரம் தேயும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு; கடல்புல்லும் பாலித்தீனும் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும்.

ஐடிலில் தண்ணீர் வருவதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தேய்ந்த இம்பெல்லர் கொஞ்சம் தண்ணீர் தரும், முழு வேகச் சூட்டுக்குப் போதாது. சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பல டூ-ஸ்ட்ரோக் மாடல்களில் 50 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும். சரியான அளவு புத்தகத்தில் இருக்கும். திறக்காத தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அது இல்லாமலே ஓட்டுகிற பழக்கம் பல துறைகளில் இருக்கிறது. சூடு தீரும், ஆனால் மோட்டார் எப்போதும் குளிர்ந்தே ஓடிக் கரி பிடிக்கும். நான் அதை ஆதரிக்க மாட்டேன்.

சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு சில மோட்டார்களில் உண்டு, பஸ்ஸர் கத்தும். பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிட்டு "இழுவை இல்லை" என்று வருபவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை.

சத்தம் ஏறுகிறது, படகு போகவில்லை: புரொப்பெல்லர்

புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். கல்லில் அடித்தால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்தது. அது தளர்ந்தால் மெதுவான வேகத்தில் பிடித்துக்கொண்டு ஓடும். முழுக்க முறுக்கும்போது வழுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: நடுக்குழலிலிருந்து வெளிக்கூடு வரை பெயிண்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. கடலில் இப்படி ஆனால் பயப்பட வேண்டாம், மெதுவாக ஓட்டினால் கரை சேரலாம்.

கோடு பிரியவில்லை, ஆனால் திரும்பும்போதும் அலையில் ஏறும்போதும் சத்தம் வீறிடுகிறது என்றால் புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறது. மோட்டார் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடி மட்டத்தோடு ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். பின்பலகை 20 அங்குலம் இருக்க, 15 அங்குலக் கால் உள்ள மோட்டாரை மாட்டினால் இது நடந்தே தீரும். பலகையில் கட்டை வைத்து உயர்த்தியிருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சாய்வுக் கம்பி வெளித் துளையில் இருந்தால் ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். பின்புறச் சுமையைக் கொஞ்சம் இடம் மாற்றுவதும் உதவும்.

இதழ் முனை மடங்கி, விளிம்பு கடித்ததுபோல் இருந்தாலும் பிடி குறையும். கழற்றும்போது தண்டில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். அது சீலை அறுத்து உள்ளே தண்ணீர் விடும். கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் அதுதான் சேதி.

ஒருபோதும் முழு வேகம் வரவில்லை

மோட்டாரை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முழுக்க முறுக்கி, கார்புரேட்டரின் பட்டாம்பூச்சி வால்வு முழுக்கத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நீண்டுபோன கேபிள் முக்கால் பங்குதான் திறக்கும். பழைய மாடல்களில் முறுக்கோடு சேர்ந்து டைமிங்கும் முன்னேற வேண்டும். அந்த இணைப்புக் கம்பி உப்பில் இறுகினால் வால்வு திறந்தும் பலம் வராது.

அது சரியென்றால் பிளக் வயரில் சுற்றி வைக்கிற சின்ன டேக்கோமீட்டர் ஒன்றை மாட்டி முழு முறுக்கு ஆர்.பி.எம். எவ்வளவு என்று பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லைக்குக் கீழே நின்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம்) உங்கள் சுமைக்கு அதிகம். பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். வலையும் ஐஸும் ஏற்றிப் போகிற படகுக்கும், வெறும் ஆளேற்றும் படகுக்கும் ஒரே புரொப்பெல்லர் பொருந்தாது.

படகையும் பாருங்கள். அடியில் கொட்டலசும் பாசியும் படிந்தாலே வேகம் நன்றாக விழும். ஃபைபர் படகின் மூடிய அறைக்குள் விரிசல் வழியே தண்ணீர் புகுந்து தங்கினால் வெளியே தெரியாது. கரையேற்றும்போது வழக்கத்தைவிட ஆள் அதிகம் தேவைப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்களுக்கு

மண்ணெண்ணெய் மோட்டார் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. அவசரப்பட்டுக் குளிர்ந்த மோட்டாரில் மாற்றினால் அது ஆவியாகாமல் துளியாக உள்ளே போய்ப் பிளக்கை நனைக்கும். முழு முறுக்கில் திணறும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. கரி அதிகம் படியும் என்பதால் பிளக்கும் எக்ஸாஸ்ட் வழியும் அடிக்கடி சுத்தம் கேட்கும். மாற்று வால்வு பாதியில் நின்று இரண்டு பக்கமும் அரைகுறையாகத் திறந்திருப்பதும் முழு வேகத் தளர்ச்சிக்குக் காரணம். பெட்ரோலுக்கென்று செய்த மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றினால் உள்ளே தட்டும் சத்தம் வரும்; அந்த மோட்டாருக்கு அது எமன்.

ஃபோர்-ஸ்ட்ரோக், ஃப்யூல் இன்ஜெக்ஷன்

தேடும் வரிசை அதேதான்: டேங்க், காற்றுத் துளை, ஹோஸ், பல்பு, ஃபில்டர். கூடுதலாக, ஆயில் அழுத்தமோ சூடோ கோளாறானால் கம்ப்யூட்டர் வேகத்தைக் கட்டிப்போடும். எவ்வளவு முறுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. விளக்கும் பஸ்ஸரும் அதைச் சொல்லும். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் உள்ள சின்ன ஃபில்டர் கண்ணில் படாத இடத்தில் இருக்கும், பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதற்கு மேல் பிழைக் குறியீடு படிக்கிற கருவி உள்ளவரிடம் போவது நல்லது.

எல்லாம் சரி, இன்னும் இழுவை இல்லை

கம்ப்ரஷன் பார்க்கும் நேரம். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை பாடியில் எர்த் செய்து, கைப்பிடியை முழுக்க முறுக்கி வைத்து, அளவுமானியை மாட்டி நான்கைந்து தடவை பலமாக இழுங்கள். எவ்வளவு வருகிறது என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி இழுங்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் கேஸ்கட் பக்கம் தேடலாம்.

கழற்றிய பிளக்கின் முனையில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்த மோட்டாரை அதற்கு மேல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹெட்டைத் திறந்து, சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா பார்த்து, ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதா மாற்றுவதா என்று முடிவெடுங்கள். முடிவெடுக்கும்போதே பெட்ரோல் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடுங்கள். அதே ஹோஸில் மாட்டினால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும்.